மலையகத்தின் ஆட்ட இரவுகள்: கிளப் மண்டபமும் காமன் பொட்டலும்

நுவரெலியா ஹில் கிளப்பின் உணவு மண்டபத்தில் இரவானால் கோட்டும் டையும் கட்டாயம் என்பது நெடுநாள் வழக்கம். இல்லாமல் வரும் விருந்தினருக்கு இரவல் கொடுக்கவென்றே அங்கே கோட்டுகளும் டைகளும் தயாராக இருக்கும். 1876-இல் கோப்பித் தோட்டத் துரைமாருக்காகத் தொடங்கப்பட்ட இந்தக் கிளப், கோப்பி அழிந்து தேயிலை தழைத்த பின்பும், நாடு சுதந்திரம் பெற்ற பின்பும் தன் நடைமுறைகளைக் கைவிடவில்லை. உறுப்பினராகும் உரிமை இலங்கையருக்கு நெடுங்காலம் கிடைக்கவுமில்லை. இன்று அங்கே தங்க வரும் சுற்றுலாப் பயணிக்குத் தற்காலிக உறுப்புரிமை தருகிறார்கள். பழைய இரவுகளின் நினைவே இப்போது அந்தக் கட்டடத்தின் வருமானம்.

மலைநாட்டின் ஆட்டபாட்ட இரவுகளைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் இந்தக் கிளப்களில்தான் தொடங்குகிறார்கள். அதே மலைச்சரிவில், தொழிலாளர் லயங்களுக்கு நடுவே இருந்த பொட்டல்களில், விடிய விடிய நடந்த கூத்தை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மலையகத்தின் இரவு முழுமையாகத் தெரியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிளப்பின் இரவு

தோட்டத் துரை தனிமையில் வாழ்ந்தவர். ஒரு பங்களாவுக்கும் அடுத்ததற்கும் இடையே பல மைல் மலைப்பாதை. அந்தத் தனிமையைப் போக்கவே தோட்ட மாவட்டத்துக்கு ஒரு கிளப் எழுந்தது. டிக்கோயா, மஸ்கெலியாத் துரைமாருக்கு டரவளை, திம்புளைக்காரர்களுக்கு ராதல்லை. பகலில் கிரிக்கெட், றக்பி, டென்னிஸ். இருட்டினால் மதுக்கூடமும் நடனமும். சாதாரண நாட்களில் கிராமபோன் தட்டு. விசேட நாட்களில் வாத்தியக் குழு. 1884-இல் புகையிரதம் ஹட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டியபோது தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின. கொழும்பின் கனவான்கள் மேலே ஏறினார்கள். ஏப்ரல் மாதம் நுவரெலியாவின் ‘சீசன்’ ஆயிற்று. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் பகலை நிரப்ப, கிராண்ட் ஹோட்டல் போன்ற இடங்களின் நடனங்கள் இரவை நிரப்பின.

இந்த இரவுகளுக்கு எழுத்துச் சாட்சி நிறையவே உண்டு. கொழும்பின் ஆங்கிலப் பத்திரிகைகள் சீசன் செய்திகளை எழுதித் தள்ளின. தோட்டத்துரைமார் சங்கம் 1854-இலிருந்தே ஆவணங்களைச் சேர்த்து வந்தது. மைக்கேல் ஒண்டாச்சி 1982-இல் வெளியிட்ட குடும்ப நினைவு நூலான ‘ரன்னிங் இன் த ஃபாமிலி’, 1920-களிலும் 30-களிலும் நுவரெலியாவுக்கு ஏறிவந்த பறங்கியர் மேல்தட்டின் குடியையும் நடனத்தையும் காதலையும் அழகாகச் சொல்கிறது. நான் விரும்பிப் படித்த நூல் அது. ஆனாலும் அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் அதில் ஓரமாகத்தான் வருகிறார்கள். அந்த இரவுகளில் கோப்பை நிரப்பியவரும், சமையற்கட்டில் நின்ற அப்புவும், விருந்து முடியும்வரை வெளியே குளிரில் காத்திருந்தவரும் என்ன கண்டார்கள் என்பதை அந்த வகை எழுத்தில் தேடினால் கிடைப்பது சொற்பம்.

பொட்டலின் இரவு

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் தோட்டத்தில் காமன் ஊன்றுவார்கள். கரும்பும் ஆமணக்கும் வைக்கோல் பிரியும் சேர்ந்த கம்பம் அது; தோட்டத்துக்குத் தோட்டம் முறை கொஞ்சம் மாறும். அன்று முதல் பௌர்ணமி வரை ரதியும் மதனும் ஆடுவார்கள். தூதன் ஓலை கொண்டுவருவான், குறவனும் குறத்தியும் வருவார்கள், வீரபத்திரர் வருவார். கடைசி இரவில் சிவனின் நெற்றிக்கண் திறந்து மதன் எரிவான். ரதியின் ஒப்பாரி தொடங்கும்போது, கதை முழுக்கத் தெரிந்த சனமும் சேர்ந்து அழும். காமன் கூத்து மட்டுமல்ல, தவசு மரம் ஏறும் அருச்சுனன் தபசும் படுகளத்தில் முடியும் பொன்னர் சங்கரும் மலையகத்தின் பெரிய கூத்துகள். தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்தும் கொங்கு, சேலம், திருச்சிப் பக்கங்களிலிருந்தும் கங்காணிமார் கூட்டிவந்த சனம் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த கலைகள் இவை.

இந்த இரவுகளுக்கு உயிர் தப்பு. மரவளையத்தில் தோல் இழுத்துக் கட்டிய தட்டையான பறை. ஒரு கையில் நீளமான மெல்லிய சிம்புக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மாசி இரவில் பனி இறங்கினால் தோல் தளர்ந்து ஓசை அமுங்கிவிடும். அதனால் பொட்டலின் ஓரத்தில் எப்போதும் நெருப்பு எரிய வேண்டும். தப்புக்காரர் ஆட்டத்தின் இடைவெளியில் ஓடிவந்து தோலை அனலில் காட்டுவார். விரலால் தட்டிப் பார்ப்பார். ஓசை கணீரென்றதும் திரும்பி ஓடுவார். ஒருவர் காய்ச்சும்போது மற்றவர் அடி விடாமல் தாங்க வேண்டும். விடியும்வரை இந்த மாற்றுமுறை ஓயாது.

அதே தப்புதான் விடியற்காலையில் சனத்தைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, எழுப்பியது. இரவில் சாமியை அழைத்த தோல், காலையில் துரையின் கடிகாரமாயிற்று. கூத்துப் பார்த்துக் கண் சிவந்தவர்களும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலி இல்லை. கூத்து நடத்தத் துரையின் சம்மதம் வேண்டும். செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி பிரிக்க வேண்டும். 1927-ஆம் ஆண்டின் சட்டத்தை ஒட்டி மேல்மலைத் தோட்டங்களுக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்தச் சம்பளத்தில்தான் ரதியின் சேலையும் மதனின் கிரீடமும் தயாராயின. கிளப்பின் இரவு வேலையை மறக்க எழுந்தது. பொட்டலின் இரவோ வேலையிடமிருந்து பறித்தெடுக்கப்பட்டது.

பெண்களின் இடம்

இரு இரவுகளும் ஒத்துப்போகும் ஓர் இடம் உண்டு. ஹில் கிளப்பில் ஆண்களுக்கு மட்டுமான மதுக்கூடம் பல தலைமுறை நீடித்தது. பொட்டலிலோ ரதியாக ஆடியவர் ஆண். நாள் முழுதும் கூடை சுமந்து, இரவில் அடுப்பு மூட்டி, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு கூத்துப் பார்த்த பெண்ணுக்கு ஆட்டக்களத்தில் இடமில்லை. அவளுக்குக் கும்மியும் கோலாட்டமும் தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தன. அந்தச் சுவரை உடைத்த முதல் குரல்களில் ஒன்று மீனாட்சி அம்மையாருடையது. கணவர் கோ. நடேசய்யர் 1936-இல் ஹட்டன் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தெரிவானவர். அவருடைய கூட்டங்களில் மீனாட்சி அம்மையார் மேடையேறி, சனம் அறிந்த மெட்டுகளில் தொழிலாளர் துன்பத்தைப் பாடினார். பொட்டல் தந்த செவிப்பயிற்சி இல்லாமல் அந்தப் பாட்டு அத்தனை தூரம் போயிருக்காது.

எழுதியவர்கள்

இந்தத் துறையில் முதலில் வணங்க வேண்டியவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், ஆங்கிலத்தில் எழுதிய ‘பார்ன் டு லேபர்’ நூலில் தோட்டத்து மனிதர்களை உலகுக்குக் காட்டினார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தமிழில் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். சாரல் நாடன் வாய்மொழி இலக்கியத்தையும் நடேசய்யர் வரலாற்றையும் ஆராய்ந்தார். மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளைப் பதிவு செய்தார். அந்தனி ஜீவா ‘கொழுந்து’ இதழாலும் நாடக இயக்கத்தாலும் இந்த மரபை நவீன மேடைக்கு எடுத்துச் சென்றார். இவர்கள் எவருக்கும் பெரிய நிறுவனங்களின் பின்பலம் இல்லை. சொந்தக் காலால் தோட்டம் தோட்டமாக நடந்து சேர்த்தவை இவை.

இருந்தும் இந்த எழுத்துகள் பெரும்பாலும் பாட்டையும் கதையையும் காத்தன. ஆடியவரின் வாழ்க்கை, தப்புக்காரர் கற்ற முறை, வரி பிரித்த கணக்கு, கூத்துத் தடைப்பட்ட ஆண்டுகள் ஆகியவை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

அறுந்ததும் தொடர்ந்ததும்

1948-இன் குடியுரிமைச் சட்டம் இந்தச் சனத்தை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு எண்ணிக் கொடுத்தது. தோட்டத்தில் ரதி ஆடத் தெரிந்த ஒருவரும் பாட்டு வாத்தியாரும் ஒரே கோச்சியில் ஏறிப் போனால் அந்தத் தோட்டத்தின் கூத்து அன்றோடு முடிந்தது. 1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பின் இரவில் கூடுவதே அச்சமாயிற்று. துரைமாரின் கிளப்களும் மாறின. 1972-இன் காணிச் சீர்திருத்தமும் 1975-இன் தேசியமயமும் கம்பனித் தோட்டங்களை அரசுக்குக் கொண்டுவந்தன. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினார்கள்.

இதற்கிடையே இலங்கை வானொலி லயங்களின் இரவைத் தன் பக்கம் இழுத்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாடல்கள் 1970-களில் கோயில் திருவிழா மேடைகளுக்கும் வந்தன. 1975-இல் வி.பி. கணேசன் தயாரிக்க, தெளிவத்தை ஜோசப் வசனம் எழுத, மலையக வாழ்வைச் சொன்ன ‘புதிய காற்று’ திரைப்படம் வெளியானது. கூத்து மங்கியதற்கு இவற்றைக் குறைசொல்வது சரியல்ல. ஒரு தலைமுறை தனக்கு வேண்டிய ஆட்டத்தைத் தானே தேடிக்கொண்டது.

தப்பின் கதை இன்னும் கடினமானது. அதை அடிப்பது குறிப்பிட்ட சாதியாரின் கடமையாக்கப்பட்டிருந்தது. சாவு வீட்டுக்கு அடித்தவரையும் சாமிக்கு அடித்தவரையும் தோட்டம் ஒரே வாசற்படிக்கு வெளியே நிறுத்தியது. படித்த பிள்ளைகள் ‘எங்கப்பாவோடு போகட்டும்’ என்று தப்பைத் தொட மறுத்தபோது அந்த மறுப்பில் முழு நியாயம் இருந்தது. பின்வந்த இளைஞர்கள் அந்தத் தப்பையே உரிமைக் குரலாக எடுத்தபோது அதிலும் நியாயம் இருந்தது. 2023-இல் மலையக மக்களின் இருநூறாண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணம், இம்மக்களின் வரலாற்றை நாடு முழுவதற்கும் எடுத்துச் சொன்னது.

செய்ய வேண்டியது இப்போது தெளிவு. கிளப்களின் உறுப்பினர் பதிவேடுகளும் நிழற்படங்களும் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட வேண்டும். அங்கே வேலை செய்தோரின் பெயர்கள் அவற்றோடு சேர வேண்டும். கூத்தாடிய முதியவர்களிடம், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மட்டுமின்றி, ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களிடமும், பல்கலைக்கழகங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு போக வேண்டும். பதிவு செய்பவர் அவர்களுக்கு ஊதியம் கொடுக்க வேண்டும். நூலில் அவர்கள் சம்மதித்த பெயரைப் போட வேண்டும். பாட்டோடு நின்றுவிடாமல் வரிப்பணம், சாதி, பெரட்டு, பெண்களின் இடம் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். மலைநாட்டின் இரவுக்கு இரு மேடைகள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளும் வரலாறே நேர்மையான வரலாறு. அதை எழுதத் தேவையான சாட்சிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.