‘கொஜிரா’ (1954): கருப்பு வெள்ளைக் காட்சியும் அணுகுண்டு நினைவும்

1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியான ‘கொஜிரா’, பின்னர் ‘காட்ஸில்லா’ என உலகறிந்த பேருருவ விலங்கின் முதற்படமாகும். அவ்விலங்கு வண்ணத்திலும் கணினி வரைகலையிலும் பலமுறை திரைக்கு வந்துவிட்டபோதும், இஷிரோ ஹோண்டா இயக்கிய இப்படத்தின் ஈர்ப்பு குன்றவில்லை. எய்ஜி சுபுராயாவின் தந்திரக் காட்சிகளை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. கனத்த ரப்பர் உடைக்குள் ஒரு நடிகர் நின்று மாதிரிக் கட்டடங்களை மிதிப்பது இன்றைய பார்வையாளருக்கு எளிதில் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பின்னும் அச்சம் நீங்காமையே ஆராயத்தக்கது.

அவ்வாண்டு மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது படிந்தது. படமும் கடலில் எழும் பேரொளியில் கப்பலொன்று எரிந்து மூழ்குவதோடு தொடங்குகிறது. அன்றைய ஜப்பானியருக்கு அதற்கு உரை தேவைப்பட்டிராது. தொடர்வண்டியில் செல்லும் பெண்ணொருத்தி, நாகசாகியில் தப்பிய உயிருக்கு மீண்டும் இடர் வந்ததே எனச் சலித்துக்கொள்கிறாள். எரியும் டோக்கியோவில் ஒரு தாய், விரைவில் அப்பாவிடம் போய்ச் சேர்வோம் என்று தன் குழந்தைகளைத் தேற்றுகிறாள். மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கமானி ஒலிக்கிறது. படத்தின் வலிமை, விலங்கைவிட இக்காட்சிகளிலேயே மிகுதி. கருப்பு வெள்ளை இங்கு ரப்பர் தோலின் குறையை மறைப்பதோடு நின்றுவிடவில்லை. குண்டுவீச்சில் கருகிய நகரங்களைக் காட்டிய செய்திப்படங்களின் சாயலைப் புனைவுக்கு அளித்துவிடுகிறது.

1956இல் வெளியான அமெரிக்கப் பதிப்பு இதற்கு எதிர்மறைச் சான்றாகிறது. ரேமண்ட் பர் ஏற்ற பத்திரிகையாளர் பாத்திரம் அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது; நாகசாகி குறித்த பேச்சு நீக்கப்பட்டது. அணுச்சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொஜிரா தோன்றக்கூடும் என்னும் அறிஞர் யமானேயின் இறுதி எச்சரிக்கையும் மறைந்து, உலகம் இனி வாழலாம் என்னும் ஆறுதல் அவ்விடத்தைப் பிடித்தது. விலங்கும் அதுவே, நகரமும் அதுவே. எஞ்சியது சாகசக் கதை. பேரழிவைக் காட்டலாம், அதன் காரணத்தைச் சுட்டலாகாது என்னும் தணிக்கை மனப்பாங்கே இதில் வெளிப்படுகிறது.

மூலப்படத்தின் அறச்சிக்கல் செரிசாவாவிடம் குவிகிறது. போரில் ஒரு கண்ணை இழந்த இவ்விஞ்ஞானி, கடல்நீரின் ஆக்சிஜனை அழிக்கும் கருவியைக் கண்டறிந்தும் அதைப் பயன்படுத்தத் தயங்குகிறார். ஒருமுறை வெளிப்பட்டால் ஆட்சியாளர்கள் அதையும் ஆயுதமாக்குவர் என்பது அவர் அச்சம். எனவே குறிப்புகளை எரித்துவிட்டுக் கடலுக்குள் இறங்குகிறார். விலங்கை வீழ்த்தியபின் தாமும் மீளவில்லை. அகிரா இஃபுகுபேயின் இசை அங்கு வெற்றி முழக்கமாக எழாமல் இரங்கலாகவே தாழ்ந்து செல்கிறது. கப்பலில் நிற்போர் அவருக்கு அஞ்சலி செலுத்துகின்றனர்.