பேரனுக்கு 76 பைசா

பொருளாதார மாதிரி என்றாலே ‘கணக்கு, நமக்கெதுக்கு’ என்று தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் நிலக்கரியையும் எண்ணெயையும் எவ்வளவு வேகமாகக் கைவிடணும் என்ற விவாதத்தை வடிவமைத்ததே அப்படிப்பட்ட மாதிரிகள்தான். அதில் முக்கியமானது வில்லியம் நோர்ட்ஹாஸின் ‘டைஸ்’. 2018-இல் அவருக்கு நோபல் வாங்கித் தந்த வேலை. அதை ஒரு நாவல் மாதிரி வாசித்துப் பார்ப்போமே.

கதையின் முடிச்சு ஒரு சின்ன எண்: தள்ளுபடி விகிதம். ஆடி மாசக் கடை ஞாபகம் வரலாம். இங்கே தள்ளுபடியில் போவது எதிர்காலம். நூறு வருஷம் கழித்து வரும் 100 ரூபாய் நஷ்டத்தை ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்தால் இன்றைய மதிப்பு 76 பைசா. 1.4 சதவீதம் என்றால் 25 ரூபாய். பிரிட்டன் அரசுக்காக 2006-இல் நிக்கோலஸ் ஸ்டெர்ன் தந்த அறிக்கை 1.4-ஐ ஒட்டி நின்று, ‘இப்போதே செலவு செய்’ என்றது. நோர்ட்ஹாஸ் 5-க்குப் பக்கத்தில் நின்று, ‘மெதுவாத் தொடங்கு, அப்புறம் இறுக்கு’ என்றார். டைஸின் 2016 பதிப்பில் ‘உகந்த’ பாதையே 2100-இல் சுமார் 3.5 டிகிரி வெப்ப உயர்வுக்குப் போகிறது.

நோர்ட்ஹாஸ் வில்லன் இல்லை. கார்பனுக்கு விலை வையுங்கள் என்று பல காலமாகச் சொல்பவர். அவர் தரப்பின் வாதமும் லேசானதல்ல: நாளை வருபவர்கள் நம்மைவிட வசதியானவர்கள், பணக்காரப் பேரனுக்காக ஏழைத் தாத்தா ஏன் வயிற்றைக் கட்டணும்? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பேரன் பணக்காரனாவான் என்பது மாதிரி கண்டுபிடித்த உண்மை இல்லை. உற்பத்தித்திறன் வளர்ந்துகொண்டே போகும் என்று முதலிலேயே எழுதிவைத்துத்தான் கதை தொடங்குகிறது. அதுவும் டைஸில் உலகம் முழுக்க ஒரே கதாபாத்திரம்: சராசரி மனிதர். வெயிலில் நாற்று நடுபவரும் ஏசி அறையில் இருப்பவரும் அவருக்குள் கரைந்துவிடுகிறார்கள். 1991 கட்டுரை ஒன்றில் நோர்ட்ஹாஸ், அமெரிக்கப் பொருளாதாரத்தின் 87 சதவீதத்தைப் பருவநிலை மாற்றம் பெரிதாகத் தொடாது என்று கணக்கிட்டார். சரி, ஆனால் சோறு அந்த மீதி 13-க்குள்தானே இருக்கு?

அந்தத் தள்ளுபடியில் வசதிக் கணக்கோடு இன்னொன்றும் கலந்திருக்கிறது: பின்னால் பிறந்தார்கள் என்பதற்காகவே ஒரு கழிவு. ஸ்டெர்ன் இதற்கு வைத்தது 0.1 சதவீதம், மனித இனமே அழிந்துபோகும் வாய்ப்புக்காக மட்டும். நோர்ட்ஹாஸ் சந்தை வட்டியோடு பொருந்தும்படி வைத்தது 1.5. இப்படிக் கழிப்பது கற்பனை பலவீனப்பட்டதன் விளைவு என்று 1928-லேயே சொன்னவர் ஃபிராங்க் ராம்சே. அவரும் கணக்குக்காரர்தான்.

கற்பனை நம்ம ஏரியா. அடுத்த முறை ‘உகந்த பாதை’ என்று யாராவது வரைபடம் நீட்டினால், கோட்டைப் பார்க்கும் முன் கேளுங்கள்: எத்தனை சதவீதம் கழிச்சீங்க, யாரைக் கேட்டுக் கழிச்சீங்க?