விடை யாரிடம் இருக்கிறது? ஒரு வீடியோ விளையாட்டும் காமன் கூத்தும்

திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், நாடகம் என்னும் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நம் வயதினரின் ஓய்வுநேரத்தைத் தன்வயப்படுத்தியுள்ள வீடியோ விளையாட்டுகள் ஏனோ ஆய்வுக்குரியனவாகக் கொள்ளப்படுவதில்லை. அத்தகைய ஒன்றை, ‘சவுத் பார்க்: செஃப்ஸ் லவ் ஷாக்’ என்பதனை, மலையகத் தோட்டமொன்றிலிருந்து நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

‘சவுத் பார்க்’ 1997இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய கார்ட்டூன் தொடர். ட்ரே பார்க்கர், மாட் ஸ்டோன் ஆகிய இருவரின் ஆக்கம். கொலராடோ மாநிலத்து மலையூர் ஒன்றின் பாடசாலைச் சிறுவர் நால்வரை முன்னிறுத்தி, வளர்ந்தோர் உலகின் பாசாங்குகளைக் கூசாமல் எள்ளி நகையாடுவது. (வளர்ந்தோர்க்கென ஆக்கப்பட்டமையால் ஆபாசமும் அதிற் குறைவின்றி உண்டு.) இத்தொடரை அடியொற்றி அக்ளெய்ம் நிறுவனம் 1999இல் வெளியிட்டதே இவ்விளையாட்டு. பாடசாலைச் சமையற்காரரான செஃப் நடத்தும் வினாவிடைப் போட்டியாக அது அமைந்துள்ளது. நால்வர் வரை கூடி ஆடலாம். முந்திப் பொத்தானை அழுத்தியவருக்கே விடை கூறும் உரிமை. வினாக்களுக்கிடையே, பழைய ஆர்கேட் விளையாட்டுகளை நினைவூட்டும் சிறு விளையாட்டுகள் வந்து போகின்றன.

உருவ அளவில் இது சாதுரியமான அமைப்பே. அறிவைச் சோதிக்கும் பகுதியில் தோற்றவர் கைவேகத்தைச் சோதிக்கும் பகுதியில் மீண்டெழ முடிகின்றது. ஆனால் மூலத் தொடரின் உயிரான அங்கதம் இங்கே இல்லை. சிறுவர்களின் முகங்களும் குரல்களும் வந்திருக்கின்றன. அவர்கள் யாரை எள்ளினார்களோ அவர்கள் வரவில்லை. அவ்வெற்றிடத்தை அமெரிக்கப் பொது அறிவு நிரப்புகின்றது.

விடுமுறையில் எங்கள் தோட்டத்து லயத்தில், பழைய பிளேஸ்டேஷன் ஒன்றில் இதனை ஆடிப் பார்த்தோம். கைக்கருவிகள் இரண்டே இருந்தமையால் இருவர் இருவராக மாறி மாறி அமர்ந்தோம். திரையில் வந்த வினாக்களிற் பல, அமெரிக்காவில் வளர்ந்த ஒருவருக்கே சிரிப்பூட்டக்கூடியவை. ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்த நானும் குருட்டாம்போக்கிலேயே பொத்தானை அழுத்தினேன். தவறினால் சிரித்தோம், சரியானாலும் சிரித்தோம். விடை ஏன் சரி என்று கேட்பதற்கு அங்கு எவரும் இல்லை. வினாவும் விடையும் பெட்டிக்குள் இருக்க, சுற்றியிருந்த நாங்கள் தற்செயலாக வெல்வோராகவும் தோற்போராகவும் இருந்தோம்.

வினா எழுப்பி விடை கோருவதையே கூட்டுக் களிப்பாக்கிய மரபு நமக்கும் உண்டு. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்பதே பொருளாக, எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் தஞ்சைப் பகுதியில் லாவணி பாடி மோதிக்கொண்டன. ஒரு கட்சியின் பாட்டிலேயே மறுகட்சிக்கான வினா இருக்கும். மறுகட்சி பாடித்தான் விடுவிக்க வேண்டும். அதே மன்மதன் கதைதான் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோருடன் காமன் கூத்தாக மலையேறி வந்தது. இன்றும் மாசி மாதத்தில் தோட்டங்கள் சிலவற்றில் தப்பு முழங்க ஆடப்படுகின்றது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோமாயின் வேறுபாடு தெளிவாகும். லாவணியில் வினாவை ஆக்குபவனும் ஆட்டக்காரனே. விடை முன்கூட்டி முடிவு செய்யப்பட்டதன்று. எரிந்தான் என்பதற்கும் எரியவில்லை என்பதற்கும் புராணத்திலேயே இடமுண்டு. ரதியின் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவான் என்று கதை முடியும்போது இரு கட்சியுமே வென்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். எழுத்தறியாதவனும் அவையில் இருந்து எது நல்ல வினா எனத் தீர்ப்பளிக்க வல்லவன்; கதை அவனுக்கும் சொந்தம். வினாவிடை விளையாட்டுக்கு அடிப்படை பொத்தானன்று, கூடியிருப்போர்க்குப் பொதுவான அறிவே என்பது என் துணிபு. கொலராடோவை அறிந்தோர் கூடியிருக்கும் அறையில் செஃப்பின் போட்டி சுவைக்கலாம். லயத்துக்கு வந்தபோது அந்த அடிப்படையை அது கூடக் கொண்டுவரவில்லை.

ஆயினும் பழமையைப் போற்றுவதாலேயே வழக்கு முடிந்துவிடாது. காமன் கூத்தில் ரதியாக ஆடுபவனும் மரபுப்படி ஆண்மகனே. பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண் இரவில் பார்வையாளராக அமர்ந்து அவ்வொப்பாரியைக் கேட்கிறாள். எங்கள் ஆட்டத்திலோ, ஆங்கில வினா ஒன்றையும் வாசிக்க இயலாத என் தங்கை சிறு விளையாட்டுகள் அனைத்திலும் எங்களைத் தோற்கடித்தாள். கூத்துக் களத்தில் அவளுக்குக் கிடைத்திராத இடம் அது. மலையகக் கலைகளைப் பேணுதல் பற்றி மேடையிற் பேசுவோர் இதனை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பெட்டிக்குள் அடைபட்ட வினாக்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. சில நாட்களிலேயே கேட்டவை மீண்டும் வரலாயின. வினா முடியுமுன்னரே எந்தப் பொத்தான் என்பதை என் தங்கையும் அறிந்திருந்தாள். அவ்விடைகளிற் பலவற்றின் பொருள் மட்டும் எங்களில் எவருக்கும் தெரியாது.