அறிஞரின் நாட்காட்டியும் அரசின் நாட்காட்டியும்

வரலாறு எழுதுவோர் இருவகைக் கடன் உடையவர். ஒன்று மறைந்த மக்களுக்குச் செலுத்த வேண்டியது. மற்றொன்று வாழும் மக்களுக்குச் செலுத்த வேண்டியது. மறைந்தவர் எழுந்து வந்து மறுப்புரை கூற மாட்டார். வாழ்வோரோ தமக்கு உவப்பானதை உடனே கூறுக என வற்புறுத்துவர். இவ்விரு கடன்களும் முரணும்போது வரலாற்றாசிரியர் எவ்வாறு நடந்து கொள்கிறார் என்பதும் அவர் புலமைக்கு ஓர் அளவுகோலாகும். தமிழக வரலாற்றைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா (1933–2015) அவர்களின் பணியையும், 2010ஆம் ஆண்டில் அவர் மேற்கொண்ட ஒரு முடிவையும் இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாநாடும் மறுப்பும்

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964ஆம் ஆண்டில் டில்லியில் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1966 ஏப்ரல் திங்களில் நம் கோலாலம்பூரில் நடந்தேறியது. அம்மாநாட்டிற்கு உயிர்நாடியாக விளங்கியவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறையின் தலைவராக இருந்த தனிநாயக அடிகளார் என்பதை இவ்வட்டாரத் தமிழாசிரியர் நன்கு அறிவர். பின்னர்ச் சென்னை (1968), பாரிஸ் (1970), யாழ்ப்பாணம் (1974), மதுரை (1981), மீண்டும் கோலாலம்பூர் (1987), மொரிஷியஸ் (1989), தஞ்சாவூர் (1995) என எட்டு மாநாடுகள் நிறைவெய்தின.

ஒன்பதாம் மாநாட்டைக் கோவையில் நடத்தப் போவதாகத் தமிழக அரசு 2009ஆம் ஆண்டில் அறிவித்தது. முதலில் குறித்த காலம் 2010 ஜனவரி. அப்போது மன்றத்தின் தலைவர் கராஷிமா. ஆய்வுக் கட்டுரைகளை எழுதுவதற்கும் அவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஓராண்டேனும் வேண்டும் என்பது அவர் நிலை. 2011இல் சட்டமன்றத் தேர்தல் வரவிருந்தது. அரசு ஜூன் வரை தள்ளி வைக்க இசைந்தது, அதற்குமேல் இசையவில்லை. கராஷிமா மன்றத்தின் ஒப்புதலை அளிக்க மறுத்தார். அரசு மன்றத்தை ஒதுக்கிவிட்டு, உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்னும் பெயரில் 2010 ஜூன் 23 முதல் 27 வரை பெருவிழா நடத்தியது. கராஷிமா தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். விலகியதன் காரணத்தை ஆங்கில நாளேடொன்றில் வெளிப்படையாக எழுதினார்.

ஆறு திங்களுக்காகவா இத்தனை பிணக்கு என்று கேட்டாரும் உண்டு. தமிழுக்கு ஓர் அரசே முன்வந்து பொருள் செலவிடுகையில் அயல்நாட்டார் ஒருவர் தடை சொல்வதா என்று சினந்தாரும் உண்டு. ஆனால் அவர் நூல்களைக் கற்றவர்க்கு அம்மறுப்பு வியப்பளித்திராது. அவர் ஆராய்ந்த முறையிலேயே அதன் வித்து இருந்தது.

எண்ணிப் பார்த்த புலமை

சோழர் வரலாறு என்றால் நம் நினைவிற்கு முதலில் வருபவர் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். 1935லும் 1937லும் வெளிவந்த அவருடைய சோழர் வரலாற்று நூல், வலிமை மிக்க மைய அரசையும் தன்னாட்சி நடத்திய ஊர்ச் சபைகளையும் ஒருங்கே காட்டியது. இந்தியா விடுதலைக்குப் போராடிய காலம் அது. நமக்கும் சீரிய ஆட்சித்திறன் இருந்தது என்று நிறுவ வேண்டிய தேவை அக்காலத்து அறிஞர் பலரையும் இயக்கியது. பின்னர் 1980இல் அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன் இதற்கு நேர்மாறான கருத்தை முன்வைத்தார். சோழ வேந்தரின் உண்மையான ஆணை காவிரிப் படுகையளவில் நின்றது. பிற இடங்களில் அவர் சடங்கு முறையில் மட்டுமே தலைவர். நாடு எனப்பட்ட வட்டாரங்களே தம்மைத் தாம் ஆண்டுகொண்டன என்பது அவர் துணிபு.

இவ்விரண்டில் எது சரி? கராஷிமா இக்கேள்விக்கு வாதத்தால் விடை தேடவில்லை. சாஸ்திரியாரும் ஸ்டைனும் தம் கருத்துக்கு ஏற்ற கல்வெட்டுகளை எடுத்துக்காட்டினர். எடுத்துக்காட்டு எவ்வளவு சிறந்ததாயினும் ஒன்று ஒன்றே. ஓர் உத்தரமேரூரைக் காட்டி, தமிழகமெங்கும் குடவோலை இருந்ததென்று கூற முடியுமா? ஆதலின் அவர் எண்ணத் தொடங்கினார்.

1966இல் வெளிவந்த அவருடைய ஆய்வு அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டே ஊர்களைப் பற்றியது. முன்னது வேளாண்குடிகளின் ஊர். பின்னது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். கோயிற் சுவர்களில் பொறிக்கப்பட்ட நிலவிற்பனைகளையும் கொடைகளையும் ஒன்றுவிடாமல் தொகுத்து ஒப்பிட்டார். அல்லூரில் நிலம் பெரிதும் ஊரார்க்குப் பொதுவாக இருந்ததும், ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்களுக்கு உரியதாக இருந்ததும் புலனாயின. பிற்காலச் சோழர் ஆட்சியில் தனியார் நிலவுடைமை பெருகியதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளிற் காட்டினார். 1978இல், பேராசிரியர் எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு மூன்று தொகுதிகள் கொண்ட அடைவு வெளியிட்டார். மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் எக்காலத்தில், எவ்வட்டாரத்தில், எத்தனை பேருக்கு வழங்கின என்பதை அதன்பின் எவரும் சரிபார்க்கலாம். முதலாம் இராசராசன் காலம் முதல் அரசு அலுவலரின் பட்டங்களும் வரிகளின் பெயர்களும் பெருகுவதைக் காணுமிடத்து, வேந்தர் சடங்குத் தலைவரே என்னும் ஸ்டைனின் கூற்று நிற்க வலியற்றுப் போகிறது. அதே வேளையில், நானூறு ஆண்டுகளும் ஒரே சீரான பேரரசு நிலவியது என்னும் பழைய சித்திரமும் கலைகிறது. சோழநாடு மாறிக்கொண்டே வந்த நாடு என்பதே கிடைத்த விடை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆசியச் சமுதாயங்கள் மாற்றமின்றித் தேங்கிக் கிடந்தன என்னும் மேனாட்டுக் கருத்து போருக்குப் பிந்திய ஜப்பானிய வரலாற்றாசிரியரைப் பெரிதும் உறுத்தியது. கராஷிமாவின் தேடலுக்குத் தூண்டுகோலானதும் அதுவே. ஆகவே அவர் அரசியல் காற்றுப் புகாத அறையில் அமர்ந்து எழுதியவர் அல்லர். அவருடைய வினா அவர் காலத்து அரசியலிலிருந்து பிறந்தது. விடையை மட்டும் கல்வெட்டிடம் விட்டுவிட்டார். வினாவையும் விடையையும் ஒருங்கே காலத்திடமிருந்து பெறுபவரைப் பரப்புரையாளர் என்போமேயன்றி வரலாற்றாசிரியர் என்னோம்.

குறைகளும் உள

புகழ்வதோடு நிறுத்துவது திறனாய்வு ஆகாது. கராஷிமாவின் நூல்களைப் படிக்கும் தமிழாசிரியருக்கு ஒருவகை வறட்சி தோன்றும். நிலம், வரி, பட்டம், சபை என்று செல்லும் பக்கங்களில் தேவாரம் ஒலித்த மண்டபமும் கூத்து நிகழ்ந்த முற்றமும் தலைகாட்டுவது அரிது. மேலும், கல்வெட்டு என்பது கொடுத்தவனும் கொண்டவனும் எழுதிவைத்த சான்று. கொடுக்க ஒன்றுமில்லாத உழுகூலியாளும் அடிமையும் அதிற் பெயராகவோ தொகையாகவோ தோன்றுவரேயன்றிப் பேசுவதில்லை. எண்ணிக்கை எவ்வளவு நுட்பமாயினும், எண்ணப்படாதவரை அது காட்டாது.

அவருடைய மறுப்பிலும் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. மன்றத்தின் முந்திய மாநாடுகள் அரசியலின் நிழல் படாதவையா? சென்னையிலும் மதுரையிலும் தஞ்சையிலும் ஆளுங்கட்சியின் ஆதரவிலேயே விழா நடந்தது. 1995இல் தஞ்சைக்கு வந்த இலங்கை அறிஞர் சிலர், பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்டோர், மாநாட்டிற் கலந்துகொள்ள முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். அச்சிவத்தம்பியே 2010 கோவை மாநாட்டிற்குச் சென்றார். சிந்துவெளி எழுத்தாய்வில் புகழ்பெற்ற அஸ்கோ பர்ப்போலாவுக்கு அங்கே செம்மொழி விருது வழங்கப்பட்டது. ஆக, சென்றவரெல்லாம் ஆராய்ச்சியை விற்றவர் என்று கூறுவது அறமன்று. அறிஞர் அரசோடு ஒத்துழைக்கவும் செய்யலாம், ஒதுங்கவும் செய்யலாம். ஒதுங்கிய பின் மாற்று ஏற்பாடு ஒன்றைக் கட்டியெழுப்பினாரா என்று கேட்டால், விடை அத்துணை நிறைவளிப்பதன்று. மன்றத்தின் ஒன்பதாம் மாநாடு மீண்டும் கோலாலம்பூரில் கூடுவதற்கு 2015 வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தனை குறைகளைக் கூறிய பின்னும் அவர் முடிவு சரியென்றே கருதுகிறோம். காரணம் எளியது. அரசின் நாட்காட்டியில் தேர்தல் நாள் இருக்கும். அதனை மாற்ற இயலாது. அறிஞரின் நாட்காட்டியில் சான்று கிடைக்கும் நாளே உண்டு. அதனையும் மாற்ற இயலாது. இரண்டும் மோதும்போது விழாவைத் தள்ளி வைக்கலாம். ஆய்வை முந்தி வைக்க முடியாது. விளைந்தும் விளையாத கதிரை அறுத்தால் வைக்கோல் கிடைக்கும்; நெல் கிடைக்காது.

கடாரம் என்னும் சோதனை

இது தமிழ்நாட்டார் தகராறுதானே, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. கெடாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கே இதில் பங்கு மிகுதி. 2025 ஜூலை 27இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தியப் பிரதமர் கலந்துகொண்ட விழாவில் முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பினது ஆயிரமாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. நினைவு நாணயமும் வெளியிடப்பட்டது. டில்லியும் சென்னையும் சோழனைத் தத்தமக்கு உரியவனாகக் காட்ட விரும்புகின்றன. அவ்விரு மேடைகளிலும் கடாரம் வெற்றிக் கொடி நாட்டிய ஊராகவே ஒலிக்கிறது. அக்கடாரமோ நம் பிள்ளைகள் மலாய், சீனப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் நாட்டின் ஒரு பகுதி.

சான்றுகள் கூறுவது என்ன? ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில், கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். லைடன் செப்பேடுகள் இதனைக் கூறுகின்றன. படையெடுப்பிற்குச் சில ஆண்டுகள் முன்னர், அவ்வரசனின் ஆட்கள் நாகப்பட்டினத்துச் சிவன் கோயிலுக்கு அணிகலன்களையும் சீனப் பொன்னையும் அளித்தனர். 1025ஐ ஒட்டிப் போர் நிகழ்ந்தது. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி சீர்விசயம் முதல் கடாரம் ஈறாகப் பல இடங்களைப் பட்டியலிடுகிறது. ஆயினும் 1028இல் அதே அரசின் தூதர் சீன அவைக்குச் சென்றதைச் சீனக் குறிப்புகள் காட்டுகின்றன. ஏறத்தாழ 1068இல் வீரராசேந்திரன், தன்னை அடைந்த ஒருவனுக்காகக் கடாரத்தை வென்று அவனுக்கே கொடுத்ததாகக் கூறிக்கொள்கிறான். 1090இல் கடாரத்தரசனின் தூதர் வேண்டுகோளின்படி முதற் குலோத்துங்கன் நாகப்பட்டினத்து விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1088இல், சுமத்திராவின் பாருசில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பொறித்தனர்.

இவற்றை ஒருங்கு வைத்துப் பார்த்தால் தோன்றுவது நட்பும் வாணிகப் போட்டியும் போரும் மீண்டும் நட்பும் கலந்த நூறாண்டு உறவே. சோழர் இங்கே மாகாணம் அமைத்து ஆண்டதற்குச் சான்றில்லை என்பதைப் பெருமிதத்தோடு எழுதிய நீலகண்ட சாஸ்திரியாரே மறைக்கவில்லை. படையெடுப்பின் காரணத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கொள்ளைப் பொருளே நோக்கம் என்றார் ஜார்ஜ் ஸ்பென்சர் 1983இல். சீன வாணிகத்தில் சீர்விசயம் இடைமறித்து நின்றதே காரணம் என்பது தான்சென் சென் கருத்து. இவ்விவாதங்களையும், கடல் கடந்த தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளைப் பற்றிக் கராஷிமாவும் சுப்பராயலுவும் அளித்த தொகுப்பையும் ஒரே நூலில் வெளியிட்டது சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம். ஆண்டு 2009. விழாவிற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே விடைக்கு வேண்டிய பொருள் நம் வாயிலில் வந்து கிடந்தது என்பது பொருள்.

2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழைய சண்டியின் அடித்தளம் வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டபோது நம்மவர் மனம் புண்பட்டது. புண்பட்டது முறையே. ஆனால் அதனைத் தமிழன் கட்டியது என்பதற்காக மட்டும் காக்க வேண்டும் என்றால், தமிழன் கட்டியதன்று என்று நாளை ஒருவர் மெய்ப்பித்தால் காக்க வேண்டியதில்லை என்றாகிவிடும். உள்ளூர் மக்களின் கையும் அயலிலிருந்து வந்த சமயமும் கூடி எழுந்த கட்டடம் என்பதே அண்மைக்கால ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வாறு கூறினால்தான் அது மலேசியர் எல்லாருக்கும் உரிய செல்வமாகிறது.

தமிழாசிரியர்க்கு ஒரு சொல்

மலேசியாவில் 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம். பாடநூல் சில வரிகளிற் கூறுவதை விளக்குமாறு மாணவன் தமிழாசிரியரிடமும் வருவான். அவனுக்குக் கடாரம் கொண்டான் என்னும் பட்டத்தை மட்டும் கொடுத்து அனுப்புதல் எளிது. இக்கல்வெட்டை வெட்டுவித்தவர் யார், தோற்றவரின் சான்று உண்டா, மூன்றாண்டு கழித்து என்ன நடந்தது என்று கேட்கப் பழக்குதல் அரிது. ஆயினும் அதுவே கல்வி. மெய்க்கீர்த்தியை அதன் சொல்லழகுக்காகத் தமிழ் வகுப்பில் சுவைப்போம். அது வேந்தனின் புகழுரை என்பதையும் அதே வகுப்பில் சொல்வோம். இரண்டையும் கேட்ட மாணவனுக்குத் தமிழ்ப்பற்று குறையாது.

கராஷிமா தமிழ் கற்றது தமிழரைப் புகழ்வதற்காக அன்று. தமிழர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அறிவதற்காக. அதற்காக அவர் கோயிற் சுவர்களின் எழுத்துகளை ஐம்பது ஆண்டுகள் படித்தார். கல்வெட்டுத் தமிழைத் தடையின்றிப் படிக்க வல்லார் நம்மிடையே எத்தனை பேர்? விழாக்களுக்கு அழைப்பிதழ் அச்சிடும் நம் சங்கங்கள், ஆண்டுக்கு ஓர் இளைஞனையேனும் கல்வெட்டியல் கற்கத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பி வைக்குமாயின், அடுத்த மாநாட்டின் நாளைக் குறிப்பதில் அறிஞர் குரலும் ஒலிக்கும். தமிழாசிரியர் கழகங்கள் இதனை ஆராய்ந்து ஆவன செய்வார்களாக.