வாயைப் பிடுங்கும் பொய்

2004 டிசம்பர் 3, போபால் விஷவாயுக் கசிவின் இருபதாம் ஆண்டு நினைவுநாள். அன்று பிபிசி வேர்ல்ட் தொலைக்காட்சியில் டௌ கெமிக்கல் நிறுவனத்தின் பேச்சாளராக ஜூட் ஃபினிஸ்டெரா என்பவர் தோன்றினார். ஆலைக்குரிய யூனியன் கார்பைடு நிறுவனத்தை விற்று, 1,200 கோடி டாலரைப் பாதிக்கப்பட்டோரின் இழப்பீட்டுக்கும் ஆலை வளாகத்தின் நச்சை அகற்றவும் செலவிடப்போவதாக அறிவித்தார். 1989இல் கார்பைடு கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்ட தொகை 47 கோடி டாலர்தான். அந்தக் கார்பைடை 2001இல் வாங்கிய டௌ, போபாலுக்குத் தான் பொறுப்பில்லை என்றே சொல்லிவந்தது.

அப்படி ஒரு பேச்சாளரே கிடையாது. பேசியவர் ‘யெஸ் மென்’ என்ற அமெரிக்கக் கலகக் கலைஞர் குழுவின் ஆண்டி பிக்கல்பாம். அக்குழு டௌவின் பெயரில் நடத்திய போலி இணையதளத்தை நம்பி பிபிசியே அவரை அழைத்திருந்தது.

இந்த வித்தையின் நுட்பம் பொய்யில் இல்லை, அதற்கு வந்த மறுப்பில் இருக்கிறது. குற்றச்சாட்டு என்றால் ஒரு நிறுவனம் மௌனம் காக்கலாம், வழக்கறிஞரைக் கைகாட்டலாம். தன் பெயரில் ஒரு நல்ல காரியம் அறிவிக்கப்பட்டுவிட்டால் அப்படி இருக்க முடியாது. பிராங்க்பர்ட் சந்தையில் டௌ பங்கு நான்கு விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. ‘நாங்கள் அப்படி எதுவும் செய்யப்போவதில்லை’ என்று நிறுவனமே உலகறியச் சொல்ல வேண்டியதாயிற்று. நியாயம் செய்வார்கள் என்ற செய்திக்குச் சந்தை அஞ்சியதும் அம்பலமானது. எந்தத் துண்டுப் பிரசுரமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மறுக்க வைக்காத கேலி இந்த அளவுக்கு எடுபடுவதில்லை. 2001இல் பின்லாந்தின் டாம்பெரே நகரில் நடந்த ஜவுளித் தொழில் மாநாட்டில், இதே குழு உலக வர்த்தக அமைப்பின் பிரதிநிதியாக வேடமிட்டுத் தொழிலாளரைக் கண்காணிக்கும் தங்கநிற உடையைக் காட்டியது. சபை கைதட்டியது. அதிகாரம் சொன்னால் எதையும் ஏற்பார்கள் என்பதற்கு இதுவே சான்று என்றது குழு. சபை நாகரிகத்தையும் சம்மதத்தையும் ஒன்றாக்கிவிடும் வாதம் இது. கேலிக்கு இலக்கான அமைப்போ எந்தப் பதிலும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போபால் கேலியின் பெரிய குறை வேறு. பிபிசியை ஏமாற்றியதிலும் டௌவைச் சங்கடப்படுத்தியதிலும் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். நிவாரணம் வந்துவிட்டது என்று சில மணிநேரம் நம்பிய போபால்வாசிகள்? இருபது ஆண்டு வேதனைக்கு முன் இது எம்மாத்திரம் என்று குழு வாதிட்டது. பிறகு போபாலுக்கே சென்று அங்குள்ளவர்களிடம் பேசி, அதைத் தங்கள் 2009ஆம் ஆண்டுப் படத்திலும் காட்டியது. கேட்டது நல்லதுதான். ஆனால் கேட்க வேண்டிய நேரம் ஒளிபரப்புக்கு முன்னால்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு நையாண்டி தெரியாமல் இல்லை. ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும் முன்னின்ற ‘ஜாடு மாரோ டௌ கோ’ (டௌவைத் துடைப்பத்தால் அடி) இயக்கம் டௌ அலுவலகங்களுக்குப் போபால் பெண்களின் துடைப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. துடைப்பம் பெருக்கச் சொல்கிறது, அடிக்கவும் ஓங்குகிறது. அதில் யாருக்கும் பொய் நம்பிக்கை இல்லை. யெஸ் மென் குழுவும் இந்தப் பாதைக்கு வந்தது. 2009இல் போபால் மருத்துவ உதவி அமைப்புடன் சேர்ந்து, போபாலின் நிலத்தடி நீரை உயர்தரக் குடிநீர் போல அழகிய புட்டிகளில் அடைத்து லண்டனில் காட்டியது. கேலியின் கூர்மை குறையவில்லை, சுமை மட்டும் உரியவர் தோளுக்கு மாறியது.

இன்னொரு வரம்பும் உண்டு. கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. கேலி நிறுவனத்தின் வாயைப் பிடுங்கும், பையைத் திறக்காது. போலிக் காணொளிகள் மலிந்த இன்று, பொய்யால் உண்மையைக் கறக்கும் வழியின் விலையும் ஏறிவிட்டது. அடுத்த முறை உண்மையான அறிவிப்பையே ‘இதுவும் போலி’ என்று தள்ளிவிடுவது எளிது. ஆகவே ஒரு குறும்பை எடைபோட, எவ்வளவு சிரித்தோம் என்பது அளவுகோல் ஆகாது. யாரைப் பதில் சொல்ல வைத்தது, யாரிடம் கேட்டுக்கொண்டு செய்தது, அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு போராட யார் இருக்கிறார்கள் என்ற மூன்றும்தான் அளவுகோல். 2004இன் கேலி முதலாவதில் வென்றது, இரண்டாவதில் தோற்றது. மூன்றாவதைப் போபால் பெண்கள் அதற்கு முன்பிருந்தே செய்துவந்தார்கள்.