யாரு போட்ட பாட்டு?

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முறையாக மேடையேறியது. மறுநாள் எங்கள் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு பல நாட்களுக்கு இந்தப் பக்கத்து டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதமே இருந்தார். முந்தின நாள் சென்னையில் பத்தொன்பது பேர் சேர்ந்து பாடிய சேதி எங்கள் யார் காதிலும் விழவில்லை.

பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தார்கள். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், கிட்டார், டிரம்ஸ், பறை, சட்டி, கட்டமோளம். அத்தனை ஆண்களுக்கு நடுவே இசைவாணி ஒருவர்தான் பெண்.

இதை 'தமிழ் பங்க்' என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். 1970களில் லண்டன் பையன்கள் கண்டுபிடித்தது என்ன? சங்கீதம் முறையாகப் படிக்காதவனும் மேடையேறலாம், கோபத்தை மெருகேற்றாமல் அப்படியே பாடலாம் என்பதைத்தானே. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடியவர்களுக்கு அது புதுசு இல்லை. அந்தக் கானாவுக்கு ஒரு மேடையும் கோட்டும் கொடுத்து, இதுவும் கச்சேரிதான் என்று இந்தக் குழு சொன்னது. 2020இல் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை'யும் அதே பேச்சின் தொடர்ச்சி. திருப்பாவை கேட்டு விடியும் ஊர்க்காரனுக்கு மார்கழியின் மேல் எவ்வளவு உரிமை கொண்டாட்டம் இருக்கிறது என்று தெரியும். அதனால் அந்தத் தலைப்பின் துணிச்சல் எனக்கு நன்றாகவே புரிந்தது.

எங்கள் தெருப் பொங்கலுக்கு ஒருமுறை அவர்களுடைய பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டேன். மைக்செட் அண்ணன் போனை வாங்கிக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வேணாம். யாரு போட்டதுன்னு கேப்பாங்க."

இங்கே சாதிக்கொரு பாட்டு உண்டு. குருபூஜைக்குப் போகிற வேனில், கல்யாண மண்டபத்து வாசலில், காது கிழிய ஓடும். யாரு போட்டது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். சாதி வேண்டாம் என்கிற பாட்டுக்குத்தான் ஆள் தேடுவார்கள். இந்தக் குழுவின் அரசியல் எனக்குப் பிடிபட்டது அந்த இடத்தில்தான். 'யாரு' என்ற கேள்விக்குப் பத்தொன்பது பேர் ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள்.

பாட்டுகள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். இடஒதுக்கீடு பற்றிய 'கோட்டா' பாட்டு, எதிரே நிற்பவனிடம் பேசுகிற பாட்டு. கேட்டு முடித்ததும் அவன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். முழக்கமாகவே ஓடுகிற பாட்டுகள் ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்களைத்தான் எழுந்து ஆட வைக்கின்றன. அதுவும் தேவைதான், ஆனால் மைக்செட் அண்ணனின் பயத்தை அது கரைக்காது.

பெரிய சிக்கல் வேறு. கூட்டமாகப் பாட வந்தவர்களை உலகம் ஒவ்வொருவராகப் பிரித்து எடுத்தது. அறிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் 'எஞ்ஜாயி எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. அவர் எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் அவர் இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. இசைவாணி விஷயம் இதற்கு நேர் எதிர். சபரிமலைத் தீர்ப்பை ஒட்டி அவர் பாடிய பாட்டைப் பல வருஷம் கழித்து, 2024 நவம்பரில், தோண்டி எடுத்தார்கள். புகாரும் மிரட்டலும் அவரைத் தேடி வந்தன. புகழ் வரும்போது ஆளைக் காணாமல் போக்குகிறார்கள். பழி வரும்போது ஆளைத் தனியாக நிறுத்துகிறார்கள்.

குழு இதற்குத் தயாராக இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். 'கலெக்டிவ்' என்ற பெயர் மேடையில் இருந்த அளவுக்கு, பாட்டின் உரிமையிலும் வரவு செலவிலும் கூட்டாக நின்று பேசுகிற ஒரு அமைப்பாக வெளியே தெரியவில்லை. திறமை உள்ளவர்களைச் சினிமா கூப்பிட்டால் போகத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போனவருக்கு ஒன்று என்றால் பத்தொன்பது பேரும் திரும்பி வந்து நிற்க ஒரு இடம் வேண்டும்.

போன பொங்கலுக்கும் அந்தப் பாட்டு எங்கள் தெருவில் ஓடவில்லை. இந்தத் தடவை தெருவில் பத்துப் பேரிடம் முன்கூட்டியே பேசியிருக்கிறேன். அண்ணனிடம் நான் தனியாகப் போகப் போவதில்லை.