மலையை நகர்த்திய நாவலும் அப்பாவின் தேயிலைப் பெட்டியும்

அறிவியல் புனைகதை வாசிக்க உட்கார்ந்தால் அப்பாவின் மடியில் புத்தகம் இருக்கும், பக்கத்தில் பள்ளிக்கூட அட்லஸ் இருக்கும். இலங்கை மலைநாட்டில், எல்கடுவயின் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்தவர் அவர். கதாசிரியர் ஒரு தூரத்தைச் சொன்னால் அடிமட்டம் வைத்து அளப்பார். கணக்குச் சரியாக வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் அதைவிட மகிழ்ச்சி; ஏன் மாற்றினார் என்று யோசிக்க ஓர் இரவு முழுவதும் கிடைத்துவிடுமே. ரசிகராக இருப்பதும் ஒரு கலைதான், அதற்கும் பயிற்சியும் கைத்திறனும் வேண்டும் என்பதை அவரைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

அவர் அதிகம் அளந்தது ஆதர் சி. கிளார்க்கின் ‘ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலை. 1979இல் வந்து ஹியூகோ, நெபியூலா இரண்டு விருதுகளையும் பெற்றது. பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கிக் கோபுரம் கட்டப் புறப்படும் வன்னேவர் மோர்கன் என்ற பொறியியலாளரின் கதை. எப்போதும் ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் செய்மதிகளின் பாதை பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு வடத்தை இறக்கினால் அது பூமத்திய ரேகையில் வந்துதான் தொடும். கதையின் களமான இலங்கையோ அதற்கு வடக்கே கிடக்கிறது. கிளார்க் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளினார். சிவனொளிபாதமலையின் உயரத்தை இரட்டிப்பாக்கினார். போதாதென்று அந்த மலையைச் சீகிரியாக் குன்றுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். செய்த மாற்றங்களையெல்லாம் நாவலின் பின்னுரையில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியும் இருக்கிறார்.

அப்பாவின் கேள்வி அங்கேதான் கிளம்பியது. சீகிரியா எங்கள் மாத்தளை மாவட்டம். சிவனொளிபாதமலை தென்மேற்கே வெகுதூரம். அந்த மலை இங்கே வந்தால் நம்முடைய எல்கடுவ எங்கே போனது? நக்கிள்ஸ் மலைகள் எந்தப் பக்கம் ஒதுங்கின? அட்லசின் மேல் எண்ணெய்த்தாளை விரித்து அந்தக் கற்பனைத் தீவை மறுபடி மறுபடி வரைந்தார். ஒவ்வொரு படத்திலும் எல்கடுவ வேறு வேறு இடத்தில் இருந்தது. ஒன்றில்கூட விடுபடவில்லை. மழைக்காலம் பார்த்து எங்களைச் சீகிரியாவுக்குக் கூட்டிப்போனதும் இந்த நாவலால்தான். காசியப்ப மன்னன் காலத்து நீரூற்றுகள் நல்ல மழைக்குப் பின் இன்றும் நீரைப் பீச்சும். மின்சாரம் இல்லை, பம்பு இல்லை, நீரின் அழுத்தம் மட்டுமே. பொறியியலைப் பற்றிய நாவலை அந்தக் குன்றில் தொடங்கிய கிளார்க் எவ்வளவு சரியான இடத்தைத் தேர்ந்திருக்கிறார் என்று அப்பா அங்கே நின்று வியந்தார்.

நாவலில் அவருக்கு உயிரான பகுதி கடைசி மீட்புப் பயணம். மேலே சிக்கிக்கொண்டவர்களுக்கு உதவ மோர்கன் தனியாக ஏறுகிறார். தீர்ந்துபோன பேட்டரி கழன்று விழ மறுக்கிறது. இதயமோ நோய்ப்பட்டது. ஒரு கட்டைக் கழற்ற முடியுமா என்பதில் முழு மனித முயற்சியும் வந்து நிற்கிறது. மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் கட்டிப் பள்ளத்துக்கு இறக்கிய காலம் ஒன்று உண்டு. மோர்கனின் வடமும் அதைப் போலத்தான், கம்பி மட்டும் வானத்திலிருந்து வருகிறது என்று அப்பா விளக்குவார். இயந்திரத்தோடு வேலை செய்தவருக்கு அந்த அத்தியாயங்களின் பதற்றம் உடம்பிலேயே புரிந்திருக்க வேண்டும்.

கிளார்க்கும் எழுத்தாளராவதற்கு முன் ரசிகராகவே இருந்தவர். 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கூடிய சிறிய ரசிகர் மாநாட்டில் அவரும் இருந்தார். உலகின் முதல் அறிவியல் புனைகதை மாநாடு என்று அதைப் பலர் சொல்வார்கள். லண்டனில் நண்பர்களோடு ஒரே வீட்டில் தங்கி, படியெடுத்து விநியோகித்த ரசிகர் இதழ் ஒன்றுக்கும் உழைத்தார். அங்கே அவர்களுக்குச் சங்கம் இருந்தது. எல்கடுவயில் அப்பாவுக்கு இருந்தது ஒரு சாக்கு ஊசி, நூல், கோதுமை மாப் பசை.

இந்தியப் பத்திரிகைகள் கடல் தாண்டி, கண்டி வழியாகத் தாமதமாகத்தான் வந்துசேரும். ஆனந்த விகடனில் வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை வாரவாரம் பிரித்து, கம்பியை உருவி, தாள் கிழியாமல் அடுக்கிவைத்தார். கைக்கு எட்டாத இதழ் ஒன்று உண்டென்றால் அதை வைத்திருப்பவரைத் தேடிப்போய், உட்கார்ந்து கையால் படியெடுத்து வருவார். படத்தையும் விடமாட்டார். அச்சுப் பக்கங்களுக்கு நடுவே அவருடைய மணிமணியான கையெழுத்தில் வரும் அத்தியாயங்களைத்தான் நான் முதலில் தேடி வாசிப்பேன். தைத்து முடித்த தொகுதிகள் ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டிக்குள் போகும். மலைப்பனியின் ஈரம் அதற்குள் நுழையாது.

ஒவ்வொரு தொகுதியின் பின்னாலும் கோடு போட்ட வெற்றுத்தாள்கள் சேர்த்துத் தைத்திருப்பார். இரவல் வாங்குகிறவர் ஏதாவது எழுதித்தான் திருப்பித்தர வேண்டும் என்பது சட்டம். தோட்டத்து டிஸ்பென்சர் எழுதினார், பள்ளிக்கூட வாத்தியார் எழுதினார், கணக்கப்பிள்ளை எழுதினார். ஒருவர் எழுதியதற்கு அடுத்தவர் மறுப்பு எழுதினார். லீட்ஸில் கூடியவர்கள் செய்ததும் இதுதானே.

‘என் இனிய இயந்திரா’வின் பின்பக்கங்கள்தான் மிக அடர்த்தியானவை. அந்தக் கதையில் பெயரோடு எண்ணையும் சுமக்கும் மக்கள், பிள்ளை பெறுவதற்கு அரசாங்க அனுமதி, திரைக்குப் பின்னே யாரென்று தெரியாத ஆட்சியாளர் ஜீவா. மற்ற இடங்களில் இதை வருங்காலம் என்று வாசித்திருப்பார்கள். 1948இல் குடியுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் காகிதத்துக்காகக் காத்திருந்த மலையகத் தமிழரால் அப்படி வாசிக்க முடியுமா? தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி என்று வாழ்ந்தவர்கள் அந்தப் பின்பக்கங்களில் எழுதியதைத் தமிழ் விமர்சனம் எதிலும் நான் கண்டதில்லை. நாய் ரூபத்தில் வரும் ஜீனோ என்ற இயந்திரம் புத்தகம் வாசித்து வாசித்தே அறிவில் வளர்கிறது. அப்பாவின் நண்பர்கள் அதைத் தங்களில் ஒருவராகவே எண்ணிப் பேசினார்கள்.

2008இல் பிப்ரவரி 27ஆம் தேதி சுஜாதா மறைந்தார். மூன்று வாரத்தில், மார்ச் 19ஆம் தேதி கொழும்பில் கிளார்க். இருவருமே விமானங்களுக்கு வழிகாட்டும் பணியில் இருந்து, மின்னணுவியலும் அறிந்து, கதையும் எழுதியவர்கள். அப்பா அந்த மாதம் வேறெதையும் தொடவில்லை. இருவரையும் மாற்றி மாற்றி வாசித்தார்.

அவர் போனபின் தேயிலைப் பெட்டி என் பொறுப்பு. கிளார்க் நாவலின் பின்தாளில் அவர் ஒரு கண்டனம் எழுதிவைத்திருக்கிறார்: வேற்று நட்சத்திரத்திலிருந்து வந்து போகும் ஸ்டார்கிளைடர் பகுதி தேவையே இல்லை, அதை எடுத்துவிட்டால் கோபுரம் இன்னும் உறுதியாக நிற்கும் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரோ வெளியே இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கட்டும் கோபுரம்தான் வாசலாகிறது. இல்லாவிட்டால் அது வெறும் பெரிய பாலம். இதை அவர் எழுதியதற்குக் கீழே எழுதிவைத்தேன். அண்மையில் இரவல் வாங்கிப்போன ஒரு மாணவி அப்பாவின் பக்கம் சேர்ந்து, அதற்கு மூன்று காரணங்கள் எழுதித் தந்திருக்கிறாள். இரண்டாவது காரணத்துக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.